விரைவுச் சோதனையில் நேரம் எங்கே போகிறது?

2011 மே மாதம் வட ஜெர்மனியின் மருத்துவமனைகளுக்கு ரத்தம் கலந்த வயிற்றுப்போக்குடன் நோயாளிகள் அடுத்தடுத்து வந்தார்கள். பெரும்பாலோர் அதுவரை நல்ல உடல்நலத்துடன் இருந்த பெரியவர்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானோருக்குச் சில நாட்களிலேயே சிறுநீரகம் செயலிழந்தது. ஷிகா நச்சைச் சுரக்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் ஓ104:எச்4 என்னும் அரிய வகைதான் காரணம் என்பது தெரிந்தது. எந்த உணவின் வழியாக வந்தது என்பது தெரியவில்லை. மே 26 அன்று ஹாம்பர்க் நகரச் சுகாதாரத் துறை, ஸ்பெயின் வெள்ளரிக்காய்களில் நச்சு ஈ.கோலை இருப்பதாக அறிவித்தது. ஐரோப்பாவெங்கும் ஸ்பெயின் காய்கறிகளை வாங்க ஆளில்லாமல் போயிற்று. ஐந்து நாள் கழித்து விரிவான சோதனை முடிவு வந்தது. வெள்ளரியில் இருந்தது நச்சு ஈ.கோலைதான், ஆனால் நோயாளிகளிடம் இருந்த வகை அன்று. நட்டப்பட்ட விவசாயிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 210 மில்லியன் யூரோ இழப்பீடு ஒதுக்க வேண்டியிருந்தது.

உண்மையான மூலம் ஜூன் 10 அன்று அறிவிக்கப்பட்டது: முளைகட்டிய பயறு வகைகள். அதை முதலில் காட்டிக்கொடுத்தது ஆய்வகக் கருவி அன்று. ஒரே உணவகத்தில் சாப்பிட்ட குழுக்களைத் தேடிப்பிடித்து, யார் எந்த உணவை வாங்கினார்கள் என்று கேட்டு, அதில் என்னென்ன பொருட்கள் சேர்ந்தன என்பதைச் சமையற்காரர்களிடம் விசாரித்து, நோயுற்றவர்களையும் நோயுறாதவர்களையும் ஒப்பிட்டதில் தடம் கிடைத்தது. மேலே தூவியிருந்த முளைகளைச் சாப்பிட்டதே பலருக்கு நினைவில்லை. தடம் பின்னோக்கிப் போய், 2009 இறுதியில் எகிப்திலிருந்து வந்த வெந்தய விதைத் தொகுப்பு ஒன்றில் நின்றது. அந்த விதைகளைச் சோதித்தார்கள், பாக்டீரியா கிடைக்கவில்லை. நோய் அடங்கியபோது ஜெர்மனியில் பாதிக்கப்பட்டவர்கள் 3,842 பேர்; இறந்தவர்கள் 53 பேர்.

இந்தச் சம்பவத்தில் ஒரு சோதனை 'இருக்கிறது' என்று சரியாகச் சொல்லியும் முடிவு தவறான திசைக்குப் போனது. இன்னொரு சோதனை 'இல்லை' என்றபோதும் குற்றவாளி அங்கேதான் இருந்தது என்று நம்ப வலுவான காரணங்கள் இருந்தன. உணவில் தீங்கு செய்யும் பாக்டீரியாவைக் கண்டறியும் விரைவுச் சோதனைகள் இன்று ஏராளம். பத்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. கருவிக்குள் செல்லும் நேரம் உண்மையிலேயே சுருங்கிவிட்டது. ஆனால் மாதிரி எடுப்பதிலிருந்து நடவடிக்கை எடுப்பது வரையிலான மொத்த நேரத்தில் அது சிறு பங்குதான். மீதி நேரம் பாக்டீரியாவின் கையிலும் மனிதர்களின் கையிலும் இருக்கிறது.

பழைய முறையின் ஐந்து நாட்கள்

சால்மொனெல்லாவைத் தேடும் சர்வதேசத் தர முறையை எடுத்துக்கொள்வோம். 25 கிராம் உணவை 225 மில்லி லிட்டர் பெப்டோன் நீரில் கலந்து 37 டிகிரி செல்சியஸில் 18 மணி நேரம் வைக்கிறார்கள். உணவில் இருக்கும் பாக்டீரியா பெரும்பாலும் காயப்பட்ட நிலையில் இருக்கும். உலர்த்தியதில், உப்பிட்டதில், சூடாக்கியதில், உறையவைத்ததில் அதன் உறை சிதைந்திருக்கும். அப்படிப்பட்ட செல்லை உடனே கடுமையான வேதிப்பொருள் கலந்த ஊடகத்தில் போட்டால் செத்துவிடும். 'இல்லை' என்று பொய்யான முடிவு வரும். அதனால் முதல் நாள் முழுவதும் அது தேறி எழுவதற்கு.

இரண்டாம் நாள், மற்ற பாக்டீரியாக்களை அடக்கிச் சால்மொனெல்லாவை மட்டும் வளரவிடும் திரவங்களுக்கு மாற்றுகிறார்கள். அவற்றில் ஒன்று 41.5 டிகிரியில் வைக்கப்படும். மூன்றாம் நாள் தட்டுகளில் பரப்பி, சிவப்புப் பின்னணியில் நடுவே கருத்த புள்ளியுடன் தோன்றும் திட்டுகளைத் தேடுகிறார்கள். சந்தேகத்துக்குரியவற்றைப் பிரித்தெடுத்து உயிர்வேதிச் சோதனையும் சீரச் சோதனையும் செய்து உறுதிப்படுத்த மேலும் இரண்டு நாள். லிஸ்டீரியா இன்னும் மெதுவாக வளர்வது. அதற்கு ஒரு வாரம் வரை ஆகலாம்.

பாலும் மீனும் நறுக்கிய காய்கறியும் ஐந்து நாள் காத்திருப்பதில்லை. முடிவு வருவதற்குள் பொருள் விற்று, சமைத்து, சாப்பிட்டும் முடிந்திருக்கும். விரைவு முறைகளுக்கான தேவை இங்கிருந்துதான் பிறந்தது. 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர்களால் எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்று நான்கு குழந்தைகள் இறந்தார்கள். மறு ஆண்டே அரைத்த மாட்டிறைச்சியில் ஈ.கோலை ஓ157:எச்7 இருப்பதைச் சட்டப்படி கலப்படமாக அறிவித்தது அந்நாட்டு அரசு. சோதனை முடிவு வரும்வரை சரக்கைக் கிடங்கில் நிறுத்திவைக்கும் பழக்கம் பரவியபோது ஒவ்வொரு மணி நேரமும் பணமாயிற்று.

ஒரு செல்லின் கணக்கு

எவ்வளவு வேகம் சாத்தியம் என்பதை ஒரு எளிய கணக்கு சொல்லிவிடும். பெரும்பாலான தரநிலைகள் கேட்பது '25 கிராமில் சால்மொனெல்லா இருக்கக் கூடாது' என்பது. அதாவது 25 கிராமில் ஒரே ஒரு செல் இருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும். திரவத்தோடு சேர்த்து மொத்தம் 250 மில்லி லிட்டர். அதில் ஒரு செல். மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். கருவிக்குள் நாம் செலுத்துவது ஏறத்தாழ 5 மைக்ரோ லிட்டர். அந்தத் துளிக்குள் ஒரு செல்லாவது அகப்பட வேண்டுமானால், மொத்தத் திரவத்திலும் குறைந்தது 50,000 செல்கள் இருக்க வேண்டும்.

ஒரு செல் 16 முறை இரட்டித்தால் 65,536 ஆகும். அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொண்டால் எட்டு மணி நேரம். காயப்பட்ட செல் தேறுவதற்கான நேரம் இதற்கு மேல். எதிர்ப்பொருள் பூசிய பட்டைச் சோதனைக்குப் பொதுவாக ஒரு மில்லி லிட்டரில் பத்து லட்சம் செல்கள் அளவில் தேவைப்படும். அதற்கு 28 முறை இரட்டிக்க வேண்டும். 14 மணி நேரம். 'பத்து நிமிடத்தில் முடிவு' என்று அட்டையில் அச்சிட்ட பட்டைச் சோதனையின் செய்முறைத் தாளைப் பிரித்துப் படித்தால், அதற்கு முன் ஓர் இரவு முழுவதும் வளர்க்கச் சொல்லியிருப்பது இதனால்தான்.

இந்தக் கட்டத்தைக் குறுக்க வழிகள் உண்டு. எதிர்ப்பொருள் பூசிய நுண்காந்த மணிகளைத் திரவத்தில் விட்டு, அவற்றோடு ஒட்டிக்கொண்ட பாக்டீரியாவைக் காந்தத்தால் ஓரிடத்தில் திரட்டலாம். வடிகட்டியும் மையவிலக்குக் கருவியும்கூடத் திரட்டித்தரும். ஆனால் மில்லி லிட்டர்களிலிருந்து மைக்ரோ லிட்டர்களுக்கு இறங்கும்போது செல் தப்பிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இத்துறையின் கடினமான வேலை. உணரிகளைப் பற்றிய ஆய்வறிக்கைகள் பல, தூய திரவத்தில் கலந்த பாக்டீரியாவைக் கண்டுபிடித்துக் காட்டுகின்றன. கொழுப்பும் நாரும் பிற நுண்ணுயிரிகளும் மண்டிய உண்மையான உணவில் அதே வேகமும் நுட்பமும் கிடைப்பது வேறு காரியம்.

ஒவ்வொரு கருவியும் எதைப் பார்க்கிறது?

விரைவுச் சோதனை புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். நம் பால் பண்ணைகளில் வழங்கும் எம்.பி.ஆர்.டி. என்ற மெத்திலீன் நீலச் சோதனை, நூறாண்டு கண்ட விரைவுச் சோதனை. 10 மில்லி லிட்டர் பாலில் 1 மில்லி லிட்டர் நீலச்சாயத்தைக் கலந்து 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைக்கிறார்கள். பாலிலுள்ள பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றுதீர்க்கத் தீர்க்க நீலம் மறைகிறது. இந்தியத் தரப்படி ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீலம் நின்றால் மிக நல்ல பால். அரை மணிக்குள் வெளுத்தால் மோசமான பால். விலை மிகக் குறைவு. கறக்கும் இடத்துச் சுத்தத்தையும் குளிரூட்டும் வேகத்தையும் ஒரே பார்வையில் சொல்லிவிடும். ஆனால் எந்தப் பாக்டீரியா என்று அதற்குத் தெரியாது. நீலம் மாறாத பாலிலும் நோய்க்கிருமி இருக்கலாம்.

ஏ.டி.பி. ஒளிச் சோதனை இதே குணமுள்ளது. மின்மினிப் பூச்சியின் லூசிஃபரேஸ் நொதி, உயிர்ச்செல்களின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யோடு சேர்ந்தால் ஒளிரும். கழுவிய வெட்டுப்பலகையைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கருவியில் வைத்தால் அரை நிமிடத்துக்குள் எண் வந்துவிடும். அந்த ஒளி பாக்டீரியாவிலிருந்து வந்ததா, ஒட்டியிருந்த இறைச்சித் துணுக்கிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்லாது. பலகை சரியாகக் கழுவப்பட்டதா என்ற கேள்விக்கு அது போதும். சால்மொனெல்லா உண்டா என்ற கேள்விக்கு அது விடையாகாது.

குறிப்பிட்ட பாக்டீரியாவை அடையாளம் காண இரண்டு பாதைகள். ஒன்று, அதன் மேற்பரப்புப் புரதங்களோடு பொருந்தும் எதிர்ப்பொருள்கள். 1971இல் ஸ்வீடனில் ஏவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் வெளியிட்ட எலைசா முறை இதன் அடித்தளம். கர்ப்பச் சோதனைப் பட்டையில் கோடு தோன்றுவது போலவே இதன் பட்டை வடிவத்திலும் கோடு தோன்றும். பயிற்சி குறைவாகப் போதும். உறவுக்கார பாக்டீரியாவோடு தவறாகப் பொருந்துவதும், குறைந்த எண்ணிக்கையைத் தவறவிடுவதும் இதன் குறைகள்.

மற்றது மரபணுவைத் தேடும் பாதை. கேரி முல்லிஸ் 1983இல் கண்டறிந்து 1993இல் நோபல் பரிசு பெற்ற பி.சி.ஆர். முறை, ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டைக் கோடிக்கணக்கில் பெருக்குகிறது. வளர்ப்புக் கட்டம் முடிந்தபின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் விடை கிடைக்கும். 2000இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட லாம்ப் முறைக்கு வெப்பத்தை ஏற்றி இறக்கும் கருவிகூட வேண்டாம். 60 முதல் 65 டிகிரிக்குள் ஒரே வெப்பநிலை போதும். முடிவை நிற மாற்றமாகவோ கலங்கலாகவோ கண்ணாலேயே பார்க்கலாம். சிறிய ஆய்வகங்களுக்கும் களப் பணிக்கும் ஏற்ற முறை. ஆனால் பெருகிய மரபுப்பொருள் ஒரு குழாயிலிருந்து தெறித்து அடுத்த மாதிரியில் பட்டால் போதும், அதுவும் 'இருக்கிறது' என்று காட்டும்.

மரபணுச் சோதனைக்கு வேறு மூன்று கண்ணிகள் உண்டு. முதலாவது, செத்த பாக்டீரியாவின் மரபணுவும் பெருகும். நன்றாகச் சூடாக்கிய உணவு 'இருக்கிறது' என்று முடிவு தரலாம். உறை சிதைந்த செல்லின் மரபணுவை மட்டும் கட்டிப்போடும் சாயங்களை முன்கூட்டியே கலந்து இதை ஓரளவு சரிக்கட்டுகிறார்கள். இரண்டாவது, உணவே சோதனையைத் தடுக்கும். பாலின் கால்சியமும் மசாலாக்களின் பாலிபீனால்களும் பி.சி.ஆர். நொதியை முடக்கும். மசாலா பாக்டீரியாவின் வளர்ச்சியையே அடக்குவதால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கையேடு இலவங்கப்பட்டையை நூறு மடங்கும் கிராம்பை ஆயிரம் மடங்கும் நீர்க்கச் சொல்கிறது. வெங்காயம், பூண்டுத் தூளுக்குத் தனியாகப் பொட்டாசியம் சல்பைட் சேர்க்கச் சொல்கிறது. கோழி இறைச்சியில் நன்றாக வேலை செய்த கிட், கரம் மசாலாவிலும் அப்படியே வேலை செய்யும் என்று கொள்ள முடியாது.

மூன்றாவது, எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ அதற்கு மட்டுமே விடை கிடைக்கும். ஈ.கோலையில் ஷிகா நச்சு மரபணுவையும், குடற்சுவரில் ஒட்டிக்கொள்ள உதவும் இன்னொரு மரபணுவையும் சேர்த்துத் தேடுவது வழக்கம். ஒரே கலவையில் இரண்டும் கிடைத்தாலும் அவை இரு வேறு பாக்டீரியாக்களிலிருந்து வந்திருக்கலாம். அதைவிட முக்கியம், ஜெர்மனியைத் தாக்கிய ஓ104:எச்4 வகையில் அந்த ஒட்டும் மரபணு இல்லவே இல்லை. அது வேறு வழியில் குடலில் பற்றிக்கொண்டது. வழக்கமான ஆபத்துப் பட்டியலை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் அதை ஓரமாக ஒதுக்கியிருக்கவும் கூடும்.

மாதிரி என்னும் சூதாட்டம்

மேலே சொன்னதெல்லாம் மாதிரியில் பாக்டீரியா இருந்தால்தான். உணவில் பாக்டீரியா சர்க்கரைபோல் சீராகக் கரைந்திருப்பதில்லை. அங்கங்கே திட்டுத்திட்டாக இருக்கும். ஒரு தொகுப்பில் நூற்றுக்கு ஒரு பொட்டலம் மாசுபட்டது என்று வைத்துக்கொள்வோம். பல பால் பொருட்களுக்குச் சால்மொனெல்லா சோதனைக்கென ஒரு தொகுப்பிலிருந்து எடுப்பது 5 மாதிரிகள். ஒருபோதும் தவறாத கருவி கையில் இருந்தாலும், அந்தத் தொகுப்பைப் பிடிப்பதற்கான வாய்ப்பு 5 சதவீதம்கூட இல்லை. பச்சிளங்குழந்தைகளுக்கான பால்மாவுக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் நெறிமுறை 60 மாதிரிகள் கேட்கிறது. அப்போதும் வாய்ப்பு 45 சதவீதம்தான். மாசு நூற்றுக்கு ஐந்தாக இருந்தால்தான் அது 95 சதவீதமாக உயரும்.

ஆகவே, கருவி நுட்பமாவதால் மட்டும் உணவு பாதுகாப்பாகிவிடாது. விண்வெளி வீரர்களுக்கான உணவைத் தயாரிக்கும் பணியில் 1960களில் நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் இதே கணக்கைச் சந்தித்தன. முழு உறுதிக்காகச் சோதித்துக்கொண்டே போனால், தயாரித்ததில் பெரும்பகுதி சோதனைக்கே செலவாகிவிடும். அதனால் கடைசியில் சோதிப்பதை விட்டு, தயாரிப்பின் எந்தக் கட்டத்தில் ஆபத்து நுழைகிறது என்று கண்டு அங்கேயே தடுக்கும் முறையை வகுத்தார்கள். இன்று உலகெங்கும் ஹெச்.ஏ.சி.சி.பி. என்று வழங்குவது அதுதான். விரைவுச் சோதனைக்கு அங்கே மிகப் பொருத்தமான இடம் உண்டு. முடிந்த பொருளில் ஊசியைத் தேடுவதைவிட, தரை வடிகால், வெட்டும் இயந்திரத்தின் பல், கழுவும் நீர், பனிக்கட்டி ஆகியவற்றை அடிக்கடி துடைத்துச் சோதிப்பது அதிகம் பிடித்துக்கொடுக்கும்.

வளர்ப்பை விட்டுவிட முடியுமா?

மருத்துவமனைகள் மலச் சோதனையில் நேரடி மரபணு முறைக்கு மாறிவருகின்றன. நோயாளிக்கு நல்லது, மணிக்கணக்கில் விடை கிடைக்கிறது. ஆனால் உயிருள்ள பாக்டீரியா கையில் இல்லையென்றால் அதன் முழு மரபணு வரிசையைப் படித்து, வேறு ஊர் நோயாளியிடமும் ஏதோ ஒரு தொழிற்சாலையிலும் இருப்பது இதுவேதானா என்று ஒப்பிட முடியாது. அதன் அருமையைத் தென்னாப்பிரிக்கா காட்டியது. 2017 முதல் 2018 வரை அங்கே லிஸ்டீரியா ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கி, 216 பேரைக் கொன்றது. நோய் வெளிப்பட வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், என்ன சாப்பிட்டோம் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. மரபணு வரிசைகளோ நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் ஒரே வகை இருப்பதைக் காட்டின. 2018 ஜனவரியில் சொவெட்டோவில் ஒரு மழலையர் காப்பகத்துக் குழந்தைகள் ஒன்றாக நோயுற்றபோது, விழிப்பான மருத்துவர் அன்றே தகவல் தந்தார். அதிகாரிகள் அன்றே போய்க் குளிர்பெட்டியிலிருந்த பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியை எடுத்துவந்தார்கள். தடம் பொலொக்வானே நகரத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. மார்ச் 4 அன்று சுகாதார அமைச்சர் இதை அறிவித்து, பொருட்கள் திரும்பப் பெறப்பட்ட பிறகு நோயாளிகளின் எண்ணிக்கை சரிந்தது.

அங்கே வேகமாக நடந்தது ஒரு தொலைபேசித் தகவலும் ஒரு நேரடிப் பயணமும். மரபணு வரிசையைப் படிப்பது பட்டைச் சோதனையைவிட மெதுவானது. ஆனால் விசாரணையை முடித்துவைத்தது அதுதான்.

முடிவுக்குப் பின்னால் இருக்கும் நேரம்

சோதனை எவ்வளவு விரைவாக இருந்தாலும் அதைக் கேட்டு நடக்க ஆள் வேண்டும். 2008, 2009இல் அமெரிக்காவில் வேர்க்கடலைப் பொருட்களால் பரவிய சால்மொனெல்லாவால் 714 பேர் நோயுற்றதாகப் பதிவு. ஒன்பது பேர் இறந்தார்கள். அங்கே குறை கருவியில் இல்லை. தயாரித்த நிறுவனம் முடிவு வருமுன்பே சரக்கை அனுப்பியதும், பொய்யான பகுப்பாய்வுச் சான்றிதழ்களைக் கொடுத்ததும் நீதிமன்றத்தில் நிரூபணமாயிற்று. நிறுவனத் தலைவருக்கு 2015இல் 28 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006, மாதிரி கிடைத்த 14 நாட்களுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்கிறது. கலப்பட வழக்குக்கு இது நியாயமான கால அளவு. கெட்டுப்போகும் உணவுக்கு, நடந்து முடிந்ததை விளக்கும் ஆவணம் மட்டுமே. 2022இல் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்டவர்கள் நோயுற்று ஒரு மாணவி இறந்தார். மாதிரிகளில் சால்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் இருந்ததாக மாநில அரசு பின்னர் அறிவித்தது. ஷவர்மா கம்பியில் சுழலும் இறைச்சிக்கு எந்தப் பி.சி.ஆர். கருவியும் நேரத்தில் வந்து சேராது. அங்கே உள்ள மிக விரைவான சோதனை உணவு வெப்பமானி. கோழி இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டதா, வெந்தது 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருக்கிறதா என்று சில நொடிகளில் சொல்லிவிடும். அதைக் கடைக்காரரே செய்யலாம். உடனே திருத்தவும் செய்யலாம்.

மாறாக, தூத்துக்குடியில் உறையவைக்கும் இறாலோ, தொழிற்சாலையில் மூட்டைகட்டும் பால்பவுடரோ, ஏற்றுமதிக்குப் போகும் மிளகாய்த்தூளோ ஒன்றிரண்டு நாள் கிடங்கில் காத்திருக்கக்கூடியவை. ஓர் இரவு வளர்த்து, மறுநாள் பி.சி.ஆர். அல்லது லாம்ப் செய்து, 'இல்லை' என்றவற்றை அனுப்பி, 'இருக்கிறது' என்றவற்றை நிறுத்திப் பழைய முறையில் உறுதிசெய்வதற்கு இங்கே அர்த்தம் உண்டு. மாவட்ட ஆய்வகங்கள் எந்தக் கருவியை வாங்குவது என்பதைவிட, எந்தப் பொருளை எவ்வளவு நேரம் நிறுத்திவைக்க முடியும் என்பதை முதலில் தீர்மானித்தால் கருவி தானே தெளிவாகும்.

ஆகையால், புதிய சோதனைக் கருவியோடு ஒருவர் வரும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து எண்ணப்படுகிறது: உணவைக் கையில் எடுத்ததிலிருந்தா, பாக்டீரியாவை வளர்த்து முடித்ததிலிருந்தா? நாங்கள் சோதிக்கும் அதே உணவில், 25 கிராமுக்கு எத்தனை உயிருள்ள செல்கள் இருந்தால் இது தவறாமல் பிடிக்கும்? மூன்றாவது கேள்வியைக் கருவி வாங்குபவர் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்: 'இருக்கிறது' என்று வந்தால், அன்று மாலைக்குள் சரக்கை நிறுத்தும் அதிகாரம் என் பக்கத்தில் யாரிடம் இருக்கிறது? அதற்கு ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லையென்றால் ஐந்து நாள் சோதனையும் ஐந்து நிமிடச் சோதனையும் ஒரே பயனையே தரும்.